அம்பாசிடரும் ஒரு சிவப்பு விளக்கும்

போன சனிக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன்மேல் கத்திவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். எங்கள் அம்பாசிடர் மூன்று நாளாகக் காலையில் கிளம்ப மறுத்தது. செல்ஃப் போட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான். அவன் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து வண்டியை உயிர்ப்பித்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "சார்ஜ் ஏறுதான்னு பாத்துடலாம் டீச்சர்" என்று ஸ்பேனரை எடுத்து பேட்டரி டெர்மினலில் வைத்தான்.

"கையை எடுடா!"

எனக்கே தெரியாமல் வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. அவன் இரண்டடி பின்னால் போனான். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"கரண்டெல்லாம் அடிக்காது டீச்சர், பன்னண்டு வோல்ட்டுதானே" என்றான்.

"உனக்கு அடிக்காதுப்பா. அதுக்கு அடிக்கும்" என்று ஆல்டர்னேட்டரைக் காட்டினேன்.

ஏன் கத்தினேன் என்று அவனிடம் சொன்ன கதையை இங்கேயும் எழுதுகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் உங்கள் சொந்தபந்தத்தில் யாராவது இருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படும்.

எங்கள் வண்டி 1974ஆம் வருடத்து அம்பாசிடர். 1989இல் இரண்டாம் கையாக என் வீட்டுக்காரர் வாங்கினார். அந்தக் காலத்து அம்பாசிடரில் மின்சாரம் தயாரிக்க டைனமோதான் இருந்தது. அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டி. அதனால் அந்த ஊர் லூக்காஸ் முறைதான் இதன் மின்சார அமைப்பிலும் இருந்தது. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கிறார். ஆனால் டைனமோவுக்குத் துணையாக இருந்த கட்-அவுட் பெட்டியை எடுக்கவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் அது அப்படியே இருந்தது. வேலை ஒன்றும் கிடையாது, ஒயர்களைச் சேர்த்து முடிய ஓர் இடம், அவ்வளவே.

அந்த வேலையில்லாத பெட்டி ஒருநாள் எங்களை நடுரோட்டில் நிறுத்தியது.

1996. என் மாமியாருக்குத் திருச்சியில் கண்புரை ஆபரேஷன். மறுநாள் அத்தையை அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்ப வேண்டும். மதியம் பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறது என்று இவர் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினார். அங்கிருந்தவர் டெர்மினலை முடுக்கிக் கொடுத்தார். கையோடு சார்ஜையும் பார்த்துவிடலாம் என்று இன்ஜினை உறுமவிட்டு, ஓடும்போதே ஒரு டெர்மினலைக் கழற்றினார். இன்ஜின் நிற்கவில்லை. "டைனமோ நல்லா வேலை செய்யுது சார்" என்றார். கட்-அவுட் பெட்டி கண்ணெதிரே இருந்தது, வண்டியும் பழசு. அவர் டைனமோ என்றே நினைத்துவிட்டார். இவருக்கும் அப்போது வித்தியாசம் தெரியாது. பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

பொழுது சாய்ந்து லைட் போட்டதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. "என்னங்க இது?" என்றேன். "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார். கீரனூர் தாண்டியதும் ஹெட்லைட் மஞ்சளாகி, பிறகு சிவந்து, அகல் விளக்கு போல ஆனது. இன்ஜின் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது. பின்விளக்கும் இல்லை. கருப்பு ரோட்டில் கருப்பு வண்டி.

இறங்குவதற்குள் பின்னால் ஒரு லாரி வந்துவிட்டது. கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடித்து, எங்களை உரசுவது போலக் கடந்து போய் நின்றது. அத்தை ஒரு கண்ணில் கட்டோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். "ஏன்டா நிறுத்திட்டே?" என்று மகனைக் கேட்கிறார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாமல் போனதே நல்லது.

அந்த லாரி டிரைவர் முதலில் திட்டினார். பிறகு அவரே வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார், கிளை ஒடித்து வந்து பின்னால் போட்டு கல் வைத்தார். நானும் அத்தையும் அடுத்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினோம். இவர் விடியும்வரை வண்டியோடு இருந்தார். மறுநாள் காலை சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்றைக் கொண்டுபோய் மாட்டி, பகல் வெளிச்சத்திலேயே வண்டியை வீடு சேர்த்தார்.

எங்கள் ஊர் பேட்டரிக் கடை பாய்தான் ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பார்த்தார். டையோடுகள் போய்விட்டன, ரெகுலேட்டரும் போய்விட்டது. அன்று அவர் சொன்னது: "வண்டியோட வயசைப் பாக்காதீங்க சார். மாட்டியிருக்கறது என்னன்னு பாருங்க. அப்புறமா கை வைங்க."

எப்படிப் பார்ப்பது என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

டைனமோ நீளமான உருளை. ஏறக்குறைய மூடிய உடம்பு. லூக்காஸ் டைனமோவின் பின்பக்கம் இரண்டு முனைகள்தான்: பெரியது 'டி', சிறியது 'எஃப்'. அதோடு தனியாக ஒரு கட்-அவுட் பெட்டி கட்டாயம் இருக்கும்.

ஆல்டர்னேட்டர் குட்டையாக, பருமனாக இருக்கும். அலுமினிய உடம்பில் காற்றுப் போக நிறைய திறப்புகள். புல்லிக்குப் பின்னாலேயே ஒரு சின்ன விசிறி. லூக்காஸின் 'ஏசிஆர்' வகைகளில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதனுள்ளேயே ரெகுலேட்டர். ஒரு பிளக்கில் இரண்டு அகலமான முனைகளும் ஒரு சிறிய முனையும் சொருகியிருக்கும். சிறிய முனைதான் டேஷ்போர்டின் சிவப்பு விளக்குக்குப் போகும் ஒயர். உடம்பில் வகை எண் இருக்கும். 16ஏசிஆர் என்றால் 34 ஆம்பியர், 17ஏசிஆர் என்றால் 36 ஆம்பியர். எங்களுடையது 17. பழைய சி40 டைனமோ 22 ஆம்பியர்தான் தரும். டைனமோவுக்குப் போட்ட பழைய மெல்லிய ஒயரிலேயே ஆல்டர்னேட்டரையும் ஓட்டினால் ஒயர் சூடாகும், உறை உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். மாற்றி மாட்டிய வண்டி என்றால், தடித்த ஒயர் போட்டிருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டும் செய்வது ஒரே வேலைதான். செய்யும் விதம் வேறு. சைக்கிளை மெதுவாக மிதித்தால் டைனமோ விளக்கு மங்குமே, காரின் டைனமோவும் அப்படித்தான். வண்டி சிக்னலில் நிற்கும்போது பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது. ஆல்டர்னேட்டர் இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் கொடுக்கும். அதில் உண்டாவது மாறுமின்னோட்டம். அதை நேர்மின்னோட்டமாக்க ஆறு டையோடுகள் இருக்கின்றன. அவை ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி. மின்சாரத்தை வெளியே விடும், திரும்பி வரவிடாது.

பேட்டரி ஓடும் வண்டியில் ஒரு தொட்டி போல இருக்கிறது. ஆல்டர்னேட்டர் கொட்டுவதை அது வாங்கிக்கொள்கிறது. ஓடும்போது தொட்டியைப் பிடுங்கினால், கொட்டியது போக இடமில்லாமல் ஒரு நொடியில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும். கதவுகள் உடைந்துவிடும். டைனமோவில் டையோடு கிடையாது, அதனால் அந்தப் பழைய சோதனையில் அது பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. அந்தப் பழக்கம் கையோடு வந்து ஆல்டர்னேட்டர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது.

அந்த வாரமே இவர் ஒரு சின்ன பிரஷ்ஷும் வெள்ளை பெயின்ட்டும் வாங்கிவந்து, கட்-அவுட் பெட்டியின் மேல் எழுதினார்: "இது ஆல்டர்னேட்டர் வண்டி. ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதே."

அவர் 2019இல் போய்விட்டார். "வண்டியைக் குடுத்துடலாம்மா, யாரு பாத்துக்கறது?" என்றான் மகன். அவன் சொன்னது நியாயம்தான். நான்தான் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இவரே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன்.

முதல் பாடம் கொஞ்சம் பயங்கரமானது. இன்ஜினை ஓடவிட்டு, பெல்ட் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தேன். அம்பாசிடரில் ரேடியேட்டர் விசிறி, தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர் மூன்றுக்கும் ஒரே பெல்ட். இன்ஜின் ஓடும்வரை விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். என் முந்தானை நுனியை அது பிடித்துக்கொண்டது. பழைய நூல் சேலை, சர்ரென்று கிழிந்து என்னை விட்டுவிட்டது. கிழியாத சேலையாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஒரு சாண் துணி போனது, இரண்டு நாள் கை நடுக்கம் போகவில்லை. மகனிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வான்.

அதன்பிறகு நான் எனக்கு வைத்துக்கொண்ட விதிகள் இவை:

1. இன்ஜின் ஓடும்போது பானெட்டுக்குள் குனிவதில்லை. முந்தானை, துண்டு, துப்பட்டா, பின்னல் எதுவும் தொங்கக் கூடாது.

2. வளையல், மோதிரம், வாட்ச் கழற்றிய பிறகே பேட்டரியில் கை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் வளையல் ஒரு பக்கம் பிளஸ்ஸிலும் ஒரு பக்கம் பாடியிலும் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலில் பதியும்.

3. ஆல்டர்னேட்டரில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் வரும் தடித்த ஒயரில், சாவி இல்லாவிட்டாலும் எப்போதும் பேட்டரியின் மின்சாரம் இருக்கும். கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில்.

4. எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பார்க்காமல் பேட்டரி மாட்டக் கூடாது. பழைய இங்கிலாந்து வகை வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். ஏசிஆர் வகைக்கு மைனஸ்தான் எர்த். மாற்றிக் கொடுத்தால் டையோடுகள் அந்த நிமிடமே போய்விடும்.

5. பேட்டரி அருகே பீடி, தீப்பெட்டி, ஊதுபத்தி எதுவும் கூடாது. ஆயுத பூஜைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

6. தரைத்தகடு துருப்பிடித்து வெல்டிங் வைத்தால், பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் பிளக்கையும் கழற்றிய பிறகுதான்.

7. இன்ஜினுக்கு வாட்டர் சர்வீஸ் என்றால் ஆல்டர்னேட்டர் மேல் தண்ணீரைப் பாய்ச்ச விடுவதில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் அதிகம் இல்லை. மாதம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அரை அங்குலம் இறங்கினால் சரி. தளர்ந்திருந்தால் வழுக்கிக் கீச்சிடும். அதற்காக வீணைக் கம்பி போல முறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் தண்ணீர் பம்ப் பேரிங்கும் தேய்ந்துபோகும். பெல்ட்டை இழுக்கக் கம்பி கொடுத்து நெம்பும்போது, புல்லிப் பக்கத்துத் தாங்கியில்தான் நெம்ப வேண்டும், பின்பக்கம் நெம்பினால் உடம்பு விரிந்துவிடும். பெல்ட்டின் உள்பக்கம் வெடிப்பு தெரிந்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். இன்னும் டைனமோவே வைத்திருப்பவர்கள், அதன் பின்பக்கத் துளையில் அவ்வப்போது இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் உள்ளே கார்பன் பிரஷ் ஓடும் இடம் கெட்டுவிடும்.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும், டெர்மினல் கழற்றும் சோதனையே வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு வைத்தால் 13.8 முதல் 14.4 வரை. ஏறவே இல்லையென்றால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி கொதித்துவிடும்.

இதையெல்லாம் என் மாணவனுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். மல்டிமீட்டரை நானே பேட்டரியில் வைத்தேன், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விசிறிக்குத் தள்ளி நின்றுதான். 11.9 காட்டியது. ஏறவில்லை.

எனக்கு மனசு சுருங்கிவிட்டது. பாய் பிரித்துச் சேர்த்த ஆல்டர்னேட்டர். பாயும் இப்போது இல்லை. "போயிடுச்சாப்பா? கழட்டத்தான் வேணுமா?" என்றேன்.

அவன் பதில் சொல்லாமல் இன்ஜினை நிறுத்தினான். சீட்டில் உட்கார்ந்து சாவியை மட்டும் திருப்பி டேஷ்போர்டைப் பார்த்தான். அணைத்தான். மறுபடி திருப்பினான்.

"டீச்சர், சார்ஜ் லைட் வரலையே?"

"அது எரியறதே இல்லையேப்பா. ஒரு மாசமா ஒருதரம்கூட எரியல. அதனாலதான் எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சேன்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "சாவி போட்டா எரியணும் டீச்சர். இன்ஜின் ஓடினப்புறம்தான் அணையணும். போடும்போதே எரியலன்னா லைட் நல்லா இல்லைன்னு அர்த்தம்."

அந்த விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்க, முதலில் அதன் உள்ளே இருக்கும் சுருள் காந்தமாக வேண்டும். அதற்கான முதல் துளி மின்சாரம் பேட்டரியிலிருந்து அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் அந்தத் துளி போகாது, ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே சுற்றும். வேகமாக ஓட்டினால் மிச்சமிருக்கும் காந்தத்தில் சில சமயம் தானே விழித்துக்கொள்ளுமாம். நான் டவுனுக்குள் மெதுவாக ஓட்டுகிறவள். மார்க்கெட், கோவில், பேத்தியின் பாட்டு வகுப்பு, இவ்வளவுதான் என் பயணம். அது விழிக்கவே இல்லை. இருந்த பேட்டரியைத் தின்றே ஒரு மாதம் ஓடியிருக்கிறது.

புது பல்பு போட்டான். சாவியைத் திருப்பினால் சிவப்பு எரிந்தது. இன்ஜினைக் கிளப்பி லேசாக மிதித்ததும் அணைந்தது. மீட்டரில் 14.1. ஹெட்லைட் போட்டும் 13.7.

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பெடுத்திருக்கிறேன். கேள்வியே கேட்காத பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று ஆரம்ப காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அதே தப்பை இந்த வயதில் ஒரு பல்பிடம் செய்திருக்கிறேன். 1996இல் எரிந்த விளக்கை அலட்சியம் செய்தோம், இந்த முறை எரியாத விளக்கை. இனி ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பியதும் ஒரு நொடி நிதானித்து, அது எரிகிறதா என்று பார்த்த பிறகே செல்ஃப் போடுகிறேன். நீங்களும் செய்யுங்கள். ஓடும்போது அது எரிந்தால் ஓரம் கட்டிப் பாருங்கள். பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் பம்ப்பும் நின்றிருக்கும், ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். பெல்ட் நன்றாக இருந்து, பகலாகவும் இருந்தால், தேவையில்லாத எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பக்கத்து ஊர்வரை போய்ச் சேரலாம். இரவு என்றால் வேண்டாம்.

கிளம்பும்முன் அவன் கட்-அவுட் பெட்டியைத் துணியால் துடைத்தான். எண்ணெயும் தூசியும் போனதும் அடியில் வெள்ளையாக இரண்டு மூன்று எழுத்துகள் தெரிந்தன. "ஏதோ எழுதியிருக்கு போல டீச்சர்" என்றான். "ஆமாப்பா" என்றேன். அவர் எழுதியது அழிந்துபோய், 'கழற்றாதே' என்பதில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, வெள்ளை பெயின்ட் எடுத்து அதன்மேலேயே திரும்ப எழுதினேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, நேராகத்தான் வந்தது. மிச்சமிருந்த அந்த இரண்டு எழுத்தின்மேல் மட்டும் பூசவில்லை. அவர் எழுதியபடியே விட்டுவிட்டேன்.